மூன்றாவது கொட்டகை

ஏலப்பாறைக்கு மேலே இருக்கும் புல்மேட்டுக்கு இப்போது டிக்கெட் வாங்கித்தான் போக வேண்டும். போன மாதம் எஸ்தர் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். சவாரிக்கு நிறுத்தியிருந்த குதிரை ஒன்று மழையில் நனைந்திருந்தது. அந்த ஈரமுடி வாடை மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தக் காலத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் நாலு மட்டக்குதிரைகள் இருந்தன. கொழுந்து மூட்டைகளைச் சுமந்து புல்மேட்டைக் கடந்து பேக்டரிக்குப் போகும். அவிழ்த்துவிட்டால் வரையாடுகளோடு சேர்ந்து மேயும். அவற்றை ஓட்டும் வேலையில் நான் சேர்ந்து ஆறு மாதம்தான். அதற்குள், குதிரையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கக் கதை அளந்துகொண்டிருந்தேன், போங்கள்.

ஆடி மழையில் ரோடு இடிந்து கிடந்தபோது அக்காவுக்கு வலி கண்டது. எட்டு மாதம்தான். கம்பளியில் தூளி கட்டி, பேக்டரி பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக அத்தான் நாலு பேரைத் திரட்டினார்.

"தூளியெல்லாம் வேண்டாம் அத்தான். குதிரைன்னா பாதி நேரத்துல கொண்டு சேத்துருவேன்" என்று சொல்லி, வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும் நான்தான்.

வழியில் மூன்று எடைக்கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் மூட்டையை இறக்கி, எடை போட்டு, மறுபடி ஏற்றினால்தான் குதிரை நகரும். அப்படிப் பழக்கியதே நாங்கள்தான். அது என் புத்தியில் உறைக்கவே இல்லை. முதல் கொட்டகையில் நின்றுவிட்டது. அடித்தேன், இழுத்தேன், அசையவில்லை. அக்காவை இறக்கி ஈரப்புல்லில் உட்காரவைத்து மறுபடி ஏற்றினோம்.

"எத்தன கிலோன்னு எழுதிக்கிட்டியாலே?" என்று சிரித்தாள்.

இரண்டாவதில் சிரிக்கவில்லை. மூன்றாவதில் இறக்கியதும், இனி ஏற்ற வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பையன். அழவே இல்லை. பாறைமேல் வரையாட்டுக் கூட்டம் ஒன்று நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரத்தம் நிற்காத அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிள்ளையை நான்தான் கொட்டகைக்குப் பின்னால் புதைத்து, நாலு கல் அடுக்கினேன்.

தூளியில் போயிருந்தால் பிழைத்திருப்பானோ என்னவோ. அக்கா ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எஸ்டேட் மூடியபோது குதிரைகளை மேட்டிலேயே விட்டுவிட்டார்கள். பார்க்க ஆளில்லாமல் ஒவ்வொன்றாகச் செத்தன. வரையாடுகள் இப்போது கண்ணில் படுவதே இல்லை. கொட்டகைகளை இடித்து, மேட்டைச் சமப்படுத்தி, புல்லை ஒரே அளவில் வெட்டியிருக்கிறார்கள். ஒரு கல்கூட மிச்சமில்லை.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அக்கா கேட்டாள்.

"எந்த எடம்லே?"

எனக்குத் தெரியவில்லை. யாரும் போட்டோ எடுக்காத ஒரு மூலையைக் கைகாட்டினேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே போய் முழங்காலிட்டாள்.