மைக் செட் ஏகாம்பரத்தைத் தலைவர் வாழ்த்திய கதை

குமணன்சாவடி சிக்னலை ஒட்டி நான் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் ஒரே மரியாதைதான். நோட்டீஸைக் கொடு, காப்பியை வாங்கு, கிளம்பு. ஏகாம்பரம் அண்ணனிடம் மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், பூந்தமல்லி பஸ்ஸெல்லாம் டெப்போவுக்குப் போகும்வரை கதை சொல்வார். அதுவும் ஒரே கதை.

"தங்கச்சி, தலிவரு என்னையும் சரசாவையும் பக்கத்துல நிக்க வெச்சு வாழ்த்தினாரு. பூந்தமல்லில எங்க கல்யாண மேடைல, ஊரே பார்த்துகினு இருக்க சொல்லோ!"

எந்தத் தலைவர் என்று என்னைக் கேட்காதீர்கள். பெயரை எழுதினால் ஒரு கட்சி வந்து என் கடை போர்டை உடைக்கும். எழுதாவிட்டால் எல்லாக் கட்சியும் தங்கள் தலைவர்தான் என்று நினைத்துக்கொண்டு போய்விடும். எனக்கு போர்டு முக்கியம்.

ஏகாம்பரம் அந்த வட்டாரத்தில் மைக் செட் போட்டவர். இப்போது வானகரத்தில் மகனுடைய ஃப்ளாட்டில் இருக்கிறார். ஃப்ளாட்டில் லிஃப்ட் கதவு திறந்தால்கூட மைக்கில் அறிவிப்பது மாதிரிதான் பேசுவார். அவர் மனைவி சரசா அக்கா பேச்சில் கஞ்சம். புருஷன் கதையை ஆரம்பித்தால் மட்டும் வாயைத் திறப்பார்.

"தலிவரு வந்தாரு, வாழ்த்தினாரு, எல்லாம் வாஸ்தவம். அப்போ இந்த மன்சன் மேடைலயே இல்ல. நான் ஒத்தைல நின்னேன்."

"பொய் சொல்லுது தங்கச்சி!"

கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சண்டை நடக்கிறது. கல்யாண ஆல்பம் கைக்கு வரும் முன்பே ஸ்டூடியோவோடு பெருவெள்ளத்தில் போய்விட்டதால் தீர்ப்பு சொல்லவும் வழியில்லை.

இந்த லட்சணத்தில் தலைவருக்கு நூற்றாண்டு விழா வந்தது. அவர் வாழ்த்திய தம்பதிகளுக்கு வானகரம் மண்டபத்தில் சால்வை போடுவதாக அறிவித்தார்கள். ஏற்பாடு, பகுதிச் செயலாளர் ராஜசேகரன். ஏகாம்பரம் ஆசையாகப் போய் நின்றதும், டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் ராஜசேகரன் சொன்னாராம்: "படம் இருந்தா கொண்டா. மைக் கட்டினவனுக்கெல்லாம் சால்வை போட்டா, துணிக்கடையே தாங்காது நைனா."

சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கதையை ஏகாம்பரத்திடம் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்டவர்கள். அன்று மாலை கடைக்கு வந்தவர் நாற்காலியை இழுக்கவில்லை. நின்றபடியே, "தங்கச்சி, அப்ப நான் இத்தினி வருசமா பொய் சொல்லிகினு திரியறேனா?" என்றார். எனக்கு அந்த ராஜசேகரனைப் பிடித்து லாமினேஷன் மெஷினில் விடலாம் போலிருந்தது.

தலைவரின் படங்கள், பேச்சுகள், காகிதங்கள் எல்லாவற்றையும் அவர் பெயரில் உள்ள அறக்கட்டளை இணையத்தில் ஏற்றியிருந்தது. யார் வேண்டுமானாலும் தேடலாம். அண்ணனையும் அக்காவையும் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தேன். தேடும் கட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மைக் படம். பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. குனிந்து இரண்டு தரம் ஊதினார்.

"ஃபூ... ஃபூ... ஹலோ... மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ."

'முடிவுகள் எதுவும் இல்லை' என்றது கம்ப்யூட்டர்.

"அண்ணே, என்ன வேணும்னு சொல்லுங்க."

தொண்டையைச் செருமினார். "ஏழைகளின் ஏணி, எழுச்சியின் தோணி, தெற்கிலே தோன்றிய தீப்பந்தம், எங்கள் தங்கத் தலைவர் அவர்களே, வருக வருக!"

ஒன்றும் வரவில்லை. 'தலைவர்' என்று மட்டும் போட்டதில் பால் கூட்டுறவுச் சங்கத் தலைவர், லாரி உரிமையாளர் சங்கத் தலைவர், கயிறு வாரியத் தலைவர் என்று மனு கொடுக்க வந்தவர்களாகக் கொட்டியது. 'பூந்தமல்லி ஏகாம்பரம்' என்று போட்டேன். அதற்கும் எதுவும் இல்லை.

"அண்ணே, தலைவர் பேரைச் சொல்லுங்க. பேர், ஊர், வருஷம். அவ்வளவுதான்."

"பேரா? தலிவரு பேரயா? என் வாயாலயா?" கன்னத்தில் போட்டுக்கொண்டார். கட்சியில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் உச்சரித்ததே இல்லை. ஓட்டுச் சீட்டில்கூடச் சின்னத்தைத்தான் பார்ப்பாராம்.

சரசா அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "தள்ளு. அவரு இன்னா எனக்குப் புருசனா, பேரச் சொல்லாம இருக்க?" என்று மைக்கை அமுக்கி, தலைவர் பெயரை மொட்டையாக, இனிஷியல்கூட இல்லாமல், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவது மாதிரி சொன்னார். கூடவே பூந்தமல்லி, கல்யாணம் நடந்த வருஷம். அண்ணன் வாசல் பக்கம் திரும்பி யாராவது கேட்டார்களா என்று பார்த்தார்.

படங்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனதில் சரசா அக்கா விரலை நீட்டினார். "இதோ. நான்தான்."

கறுப்பு வெள்ளைப் படம். மேடை நடுவில் தலைவர். அவருக்கு இடப்பக்கம் மாலையும் கழுத்துமாக, அழப்போகும் முகத்தோடு, ஒல்லியாக சரசா அக்கா. வலப்பக்கம் எல்லாப் பல்லும் தெரிய ஒருவர். அது ஏகாம்பரம் இல்லை. இளவயது ராஜசேகரன். கீழே, 'மணமக்களுடன் தலைவர், பூந்தமல்லி' என்று குறிப்பு.

அண்ணன் திரையை விரலால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அக்காதான் சொன்னார்.

"தலிவரு பேச வாயத் தொறந்தாரு, நீ கட்டின மைக்கு செத்துப் போச்சு. அத்த சரி பண்ண நீ டபால்னு மேடைக்கு அடியில பூந்துட்ட. மாப்ள எங்கன்னு கேட்டாரு. போட்டோக்காரன் நில்லு நில்லுங்கறான். மாப்ளத் தோழனா வந்த இந்தாளு ஓடியாந்து நின்னுகினான். அன்னிக்கே சொல்லியிருந்தா நீ அவன அடிக்கப் போயிருப்ப. அப்புறம் கட்சிக்காரன் எவன் உன்ன மைக் கட்டக் கூப்டுவான்?"

"தலிவரு கொரல் கேட்டுச்சே சரசு. 'மணமக்கள் வாழ்க'ன்னு. என் காதாண்டயே."

"கேக்காம? மைக்குக்கு மறுபடி உசுரு வந்தப்போ நீ ஸ்பீக்கர் பொட்டிய கட்டிப் புடிச்சிகினு கெடந்த."

எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணன் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. வாழ்த்தைக் காதால் கேட்டவர், பக்கத்தில் நின்றதாகவே நம்பிவிட்டார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேடையை மறைத்த படுதாவின் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் தரையில் புரளும் கல்யாண மாலையின் நுனி. மாலை போட்டுக்கொண்டு மேடைக்கு அடியில் படுக்கிறவர் பூந்தமல்லியில் வேறு யார் இருக்க முடியும்?

படத்தின் கீழே 'திருத்தம் தெரிவிக்க' என்று ஒரு இடம் இருந்தது. சரசா அக்கா என்னைச் சொல்ல விடவில்லை. மைக்கை அமுக்கினார். இத்தனை வருஷத்தில் புருஷனை 'இந்த மன்சன்', 'தோ பாரு' என்று மட்டுமே அழைத்தவர் அவர்.

"மாப்ள பேரு... ஏகாம்பரம். மேடைக்கு அடியில கீறாரு. காலு தெரியுது பாருங்க."

அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஏதோ ஜெராக்ஸ் எடுப்பது போல அந்தப் பக்கம் போய்விட்டேன்.

விழாவுக்கு முன்பே குறிப்பைத் திருத்திவிட்டார்கள். மறுபடி 'பூந்தமல்லி ஏகாம்பரம்' என்று தேடினோம். ஒரே ஒரு முடிவு வந்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்ததும் ராஜசேகரன் முகம் போன போக்கைப் பார்க்கவே நான் கடையைப் பூட்டிவிட்டு மண்டபத்துக்குப் போயிருந்தேன். பாவம், படத்தில் காட்டிய பல் ஒன்றுகூட அன்று வெளியே தெரியவில்லை.

சால்வையோடு ராஜசேகரன் நெருங்கியதும் அண்ணன் கையை நீட்டி மைக்கை வாங்கினார். பழக்க தோஷம், ஊதிப் பார்த்தார்.

"தலிவரு என் கல்யாணத்துக்கு வந்தாரு. நான்தான் மேடைல இல்ல. என் சம்சாரம் ஒத்தைல நின்னுச்சு. சால்வைய அதுக்குப் போடுங்க."

மண்டபம் கைதட்டியது. ராஜசேகரன் சரசா அக்காவுக்குச் சால்வையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். அக்கா அதைப் போர்த்திக்கொண்டு அண்ணன் பக்கத்தில் போய் ஒட்டி நின்றார்.

"இன்னிக்கு மைக்கு நல்லா வேலை செய்யுது" என்றார்.