பார்க்காத பகுதிக்கு ஏறிய பெயர்

கணிதப் பிரிவே இல்லாத தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, உயர்தரக் கணிதத்துக்காக ஹட்டன் வரை பஸ்ஸில் போய்வந்து சித்தியடைந்தாள். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கைக்கெட்டாமல் போனபோது மூலையில் உட்காராமல் கணினி டிப்ளோமா முடித்தாள். கொழும்பில் மூன்று பேர் உட்கார்ந்து சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி வேலை வாங்கினாள். அந்த வேலையைப் பொகவந்தலாவையில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான மேட்டு லயத்து வீட்டில் இருந்தபடியே செய்யவும் அனுமதி பெற்றாள். பொன்னையாவின் மகள் பிரேமினி இவ்வளவையும் இருபத்தாறு வயதுக்குள் சாதித்தவள். இன்னொன்றும் உண்டு: பிறர் எழுதியதைப் படித்து, சரி என்று தன் பெயரைப் பதியும் உரிமை. சொல்லும்போது சின்ன விஷயமாகத்தான் தெரியும்.

அவளுடைய நிறுவனம் அப்போது ஒரு மருத்துவமனைக்காக, கிளினிக்குக்கு வருகிறவர்களுக்குத் திகதி கொடுக்கும் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தது. அங்கே ஒருவர் எழுதிய மாற்றத்தை அவரே மென்பொருளை இயக்கும் பிரதான நிரலோடு சேர்த்துவிட முடியாது. இன்னொருவர் வரிவரியாகப் படித்து ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியவரின் பெயர் ‘பரிசீலித்தவர்’ என்று அந்த மாற்றத்தோடு ஏறிவிடும். சேர்த்த பிறகு அந்தப் பெயரை எடுக்க முடியாது. பின்னால் ஏதாவது பிசகினால் எழுதியவரைக் கேட்பது போலவே அவரையும் கேட்பார்கள். வேலை நிரந்தரமாகாதவர்களுக்கு வழக்கமாக இந்த உரிமை கிடையாது. குழுவில் ஒருவர் திடீரென்று விலகிப் போனதால், நிரந்தரக் கடிதம் வருமுன்பே அது பிரேமினிக்குக் கிடைத்தது.

குழுத் தலைவர் ஆரூரன் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல வேலைக்காரர். கடிதத்துக்கான அறிக்கையை எழுத வேண்டியவரும் அவர்தான். அது சரியாக அமையாவிட்டால் பிரேமினி வீட்டைவிட்டுக் கொழும்பில் அறை எடுத்து வேறு வேலை தேட வேண்டியிருக்கும்.

அந்தப் புதன்கிழமை காலை, ஆரூரன் எழுதிய மாற்றத்தைப் படித்துவிட்டு அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் பச்சை அடையாளத்தோடு அவள் பெயர் வந்தது. ஆட்டோவைக் கிளப்பப் போன அண்ணன் சுமனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் உடனே படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். பத்து மணிக்குள் தலவாக்கலையிலிருந்து சண்முகவடிவுச் சித்தியின் குரல் வந்தது.

“ஏன்டா சுமன், பாப்பா பேரு பேப்பர்ல வந்துருக்காமே? எந்தப் பக்கத்துல?”

மத்தியானம், இன்னும் நிரலோடு சேர்க்காமல் இருந்த அந்த மாற்றத்தைத் திரும்பத் திறந்தபோது, காலையில் இல்லாத ஒரு பகுதி அடியில் இருந்தது. அவள் ஒப்புதல் கொடுத்த பிறகு ஆரூரன் சேர்த்தது. மேலே அவள் பெயர் அப்படியே பச்சையாக நின்றது. புதிதாக ஏதாவது சேர்ந்தால் பழைய ஒப்புதல் தானாக விலகும்படி செய்ய முடியும். அங்கே யாரும் அப்படிச் செய்து வைத்திருக்கவில்லை. பிரேமினி போனை எடுத்தாள்.

“அண்ணா, நான் காலையில பார்த்தப்ப அந்தக் கடைசிப் பகுதி இல்லீங்களே.”

“ஓம், பிறகுதான் போட்டனான். திகதி தவறவிட்ட ஆக்களுக்கு ஒரு நினைவூட்டல் போகும், அவ்வளவுதான்.”

“அப்ப எம் பேர எடுத்துட்டு மறுபடி பார்க்கிறேங்க.”

“இப்பவோ? இண்டைக்குப் பின்னேரம் குடுக்கோணும், பிள்ளை. நான் பிழை விட்டிருப்பன் எண்டு நினைக்கிறீரோ?”

“அப்படி இல்லீங்கண்ணா. பார்க்காததுக்கு எம் பேரு இருக்குது.”

ஆரூரன் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

“உம்மட அறிக்கை இந்தக் கிழமைதான் எழுதப்போறன். ஞாபகம் இருக்குத்தானே?”

“இருக்குதுங்க.”

போனை வைத்துவிட்டு அவள் ஒப்புதலைத் திரும்பப் பெற்றாள். பச்சை மறைந்தது; நிரலோடு சேர்க்கும் பொத்தான் மங்கியது. இனி அவள் படித்து முடிக்கும்வரை ஆரூரனால் அதைச் சேர்க்க முடியாது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது, மலை முழுக்கப் பனிமூட்டம், சிக்னல் அடியோடு போய்விட்டது. சவாரி முடித்து நனைந்து வந்த சுமனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“போட்ட பேர எதுக்கு வெட்டுற?” என்றான் அவன். “தோட்டத்துல அரைப் பேரு போட்டு அரை நாள் சம்பளம் குடுத்தாலே கணக்கப்பிள்ளையோட சண்டைக்குப் போறோம். நீ முழுப் பேரையும் வேணாங்குற!”

“அண்ணே, மொதல்ல அந்த ஸ்டேட்டஸ அழிங்க.”

“எழுபது பேரு பார்த்துட்டாங்களே!”

“அழிச்சிட்டு ஆட்டோவ எடுங்க. மேல கோயில் வளைவுல சிக்னல் இருக்கும்.”

கோயில் வளைவில், மழைக்கு ஆட்டோவின் பக்கத்துப் படங்குத் திரையை இறக்கிவிட்டு, பின் இருக்கையில் மடியில் கணினியை வைத்துக்கொண்டு படித்தாள். சுமன் ரேடியோவை நிறுத்திவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். தெரிந்த ஆள் ஒருவர் குடையோடு வந்து ஆட்டோ கேட்டார். “கொஞ்சம் பொறுங்க, உள்ள ஆபீஸ் நடக்குது” என்று அனுப்பிவிட்டான்.

பிழை ஏதும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: ஒருவர் இரண்டு தரம் தவறவிட்டால் பழைய நினைவூட்டல் போவது நின்றுவிடுமா? அதை எழுதி அனுப்பினாள். பதில் வரவில்லை. அன்று பின்னேரம் மருத்துவமனைக்கு எதுவும் போகவில்லை.

“அப்ப பார்க்காம விட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதா?” என்று இறங்கும் வழியில் சுமன் கேட்டான்.

“ஆகியிருக்காதுன்னுதான் தோணுதுண்ணே.”

“அப்பறம் எதுக்கு?”

“ஆகியிருக்காதுன்னு பார்த்த பிறகுதானே சொல்றேன்.”

இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஆரூரனின் பதில் வந்திருந்தது. பழையது நின்றுவிடும் என்று எழுதி, நிரலில் அதை நிறுத்தும் இடத்தையும் காட்டியிருந்தார். பிரேமினி அந்த இடத்தைப் படித்தாள். பிறகு முழுவதையும் மேலிருந்து ஒருமுறை படித்தாள். பொத்தானை அழுத்தினாள். அடுத்த நிமிடமே போன் அடித்தது.

“பழைய ஒப்புதல் தானா விலகிற மாதிரி இப்ப மாத்திப்போட்டன்” என்றார் ஆரூரன். “இனி எல்லாரும் ரெண்டு தரம் பார்க்கோணும். எல்லாரும் உம்மைத்தான் திட்டுவினம்.”

“திட்டட்டுங்கண்ணா.”

அறிக்கையில் அவர் ‘கவனமானவர், வேகம் போதாது’ என்று எழுதினார். அதனால் கடிதம் மூன்று மாதம் தள்ளிப்போய், பிறகு வந்தது. ஆனால் அந்த மாற்றத்தின் வரலாற்றில் புதன்கிழமை ஒப்புதல் கணக்கில் இல்லை. அங்கே பிரதான நிரலோடு சேர்ந்து நிற்பது ஒரே ஒரு வரி: பரிசீலித்தவர், பொ. பிரேமினி, 2025 ஜூன் 19, வியாழக்கிழமை.