முகில்நாட்டின் இரண்டு சாமிகளும் ஒரு சிரட்டையும்

"அந்தக் காட்சியை வெட்டும். இல்லாட்டி உம்மடை இடமாற்றத்துக்கு நானே எழுதுவன்."

எங்கள் தலைமை வாத்தியார் இப்படிச் சொன்னபோது பரிசளிப்பு விழாவுக்கு நான்கு நாள்தான் இருந்தது. என் மடியில் ஒன்பது மாதப் பிள்ளை. அவர் பேனையை எடுத்தால் எந்தக் காட்டுக்குத் தூக்கி எறிவார்களோ தெரியாது. வெட்டமாட்டேன் என்றேன். "சமயத்தைத் தொட்டு நாடகம் எழுதலாமோ ரீச்சர்?" என்று இளம் ஆசிரியர்கள் இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கதை.

1. சாமி படைத்தது

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் பள்ளிக்கூடம் வன்னியில், முல்லைத்தீவு வீதியில் இருந்தது. குளத்தடி விவசாயக் குடியேற்றத்திலிருந்து சைவப் பிள்ளைகளும் கடற்கரையிலிருந்து கத்தோலிக்கப் பிள்ளைகளும் வருவார்கள். பரிசளிப்பு விழாவுக்கு ஒரு வருடம் புராண நாடகம் போட்டோம். கரைப் பக்கத்தார் எட்டியும் பார்க்கவில்லை. அடுத்த வருடம் புனிதர் நாடகம் போட்டோம். குடியேற்றத்தார் வரவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு பேருக்கும் இல்லாத சாமியை நானே படைக்கிறேன் என்று கொப்பியும் பேனையுமாக இருந்துவிட்டேன்.

வானத்தில் மிதக்கும் முகில்நாடு. கிழக்கே எதிரொலிச் சாமி. "மழை தா" என்று பக்தர் மலையைப் பார்த்துக் கூப்பிட்டால் சாமியும் "மழை தா" என்று திருப்பிக் கேட்கும். மேற்கே நிழல் சாமி. உச்சி வெயிலில் தன் பிழையை நிழலுக்குச் சொன்னால், நிழலைப் போலப் பிழையும் சுருங்கிவிடும். மூன்றாம் காட்சியில் இரு பக்கத்துக்கும் பொதுவான திருவிழா. அமாவாசையில் பிறந்தவர்கள் தீர்த்தக் கிண்ணத்தைத் தொடக்கூடாது, தள்ளி நிற்கவேண்டும். கடைசியில் ஒரு சிறுமி போய்க் கிண்ணத்தை எடுத்துக் குடிப்பாள். சாமி அவளை ஒன்றும் செய்யாது. சிறுமியாக ஏழாம் வகுப்புக் கனகம் நடித்தாள்.

2. உரிமை கேட்டவர்கள்

ஒத்திகை பார்த்த பிள்ளைகள் வீட்டில் போய்க் கதைத்துவிட்டார்கள். மறுநாள் தலைமை வாத்தியாரின் அறையில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவர் குடியேற்றத்துப் பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா வைத்திலிங்கத்தார். மற்றவர் கரைக் கத்தோலிக்கக் கோயில் மூப்பர் சவிரிமுத்துச் சம்மாட்டியார். வலையும் வள்ளமும் நிறைய வைத்திருப்பவர்.

"எதிரொலிச் சாமி எண்டு எங்கட அர்ச்சனையைப் பழிக்கிறியள் பிள்ளை" என்றார் வைத்திலிங்கத்தார்.

"ஏன் ஐயா, நீங்கள் கேட்டால் மறுமொழி வாறேல்லையோ?" என்று கேட்டேன். வாய்க்கொழுப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

"நிழலுக்குப் பாவம் சொல்லுறது எங்கட பாவசங்கீர்த்தனம்" என்றார் சம்மாட்டியார்.

"அதுகள் கிடக்கட்டும். மூண்டாம் காட்சி? தள்ளி நிக்கிறது எங்கட கோயில் வீதியிலைதானே?" என்றார் வைத்திலிங்கத்தார்.

சம்மாட்டியார் விட்டுக்கொடுக்கவில்லை. "அதெப்பிடி? பின்வாசலிலை நிண்டு பூசை காணுறது எங்கட கோயிலிலை. ரீச்சர் எங்களைப் பாத்துத்தான் எழுதினவா."

"இல்லை, எங்களை."

"இல்லையெண்டிறன், எங்களைத்தான்."

சனத்தைத் தள்ளி நிறுத்துகிற அந்த வெட்கக்கேட்டுக்கு இரண்டு பேரும் உரிமை கேட்டுச் சண்டை பிடித்தார்கள். தாங்கள் என்ன சொல்கிறோம் என்பது அவர்களுக்கே உறைத்ததும் சேர்ந்தாற்போல வாயை மூடிக்கொண்டார்கள்.

"அப்ப ஆரைப் பாத்து எழுதினனீர்?" என்றார் தலைமை வாத்தியார்.

"எங்கட பள்ளிக்கூடக் கிணத்தடியைப் பாத்து, சேர்."

கிணற்றடியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு செம்பு இருந்தது. தூணில் அடித்த ஆணியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையும் தொங்கியது. அது கனகத்துக்கும் அவளுடைய சாதிப் பிள்ளைகள் நாலு பேருக்கும். செம்பை அவர்கள் தொடக்கூடாது. இரண்டு வருடமாக அதைக் கடந்துதான் நான் வகுப்புக்குப் போய்வந்தேன். ஒரு சொல் கேட்டதில்லை. முகில்நாட்டில் எழுதிய பிறகுதான் என் கண்ணுக்கே அது தெரிந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

வெட்டும் என்று அவர் சொன்னது அதற்குப் பிறகுதான்.

3. விழா

விழாவன்று காலை அந்தச் சிரட்டையை ஆணியிலிருந்து கழற்றினேன். மேடையில் தீர்த்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் தடவையாக இரண்டு பக்கத்தாரும் வந்திருந்தார்கள். குறை கண்டுபிடிக்கத்தான் வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். கனகம் சிரட்டையைக் கையில் எடுத்தாள், பார்த்தாள், கவிழ்த்து வைத்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக் குடித்தாள். வைத்திலிங்கத்தார் எழுந்து போய்விட்டார். சம்மாட்டியாரும் எழும்பப் பார்த்தார். அவருடைய மனைவி வேட்டியில் பிடித்து இருத்தினார்.

மறுநாள் தலைமை வாத்தியார் கேட்டார்: "கிணத்தடிச் சிரட்டை எங்கை?"

"அது முகில்நாட்டுச் சாமான், சேர். நாடகத்தோடை முடிஞ்சுது."

வன்னியில் சிரட்டைக்கா பஞ்சம்? அவர் நினைத்திருந்தால் இன்னொன்றைத் தொங்கவிட்டிருக்கலாம். அத்தனை பேர் பார்த்த பிறகு தொங்கவிட அவருக்குத் துணிவு வரவில்லை. என் இடமாற்றக் கடிதம் மட்டும் ஒரு மாதத்துக்குள் வந்தது, மல்லாவிக்கும் அப்பால் ஒரு காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு.

ஆகவே தம்பி, தங்கச்சிமாரே, இல்லாத சாமியைத் தாராளமாக எழுதுங்கள். "இது நாங்கள்தான்" என்று யாராவது சண்டைக்கு வந்தால் ஒரு வரியையும் வெட்டாதீர்கள். வெட்டவேண்டியது கொப்பியில் இல்லை.

புறப்படுகிற அன்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கனகம் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரீச்சர், இதிலை எப்பிடிக் குடிக்கிறது?"

"எல்லாரும் அண்ணாந்துதானே குடிக்கினம். நீயும் அண்ணாந்து குடி."

அவளுக்குப் பழக்கமில்லை. பாதித் தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டாள். செம்பைக் கீழே வைக்காமல் இன்னொரு தரம் அள்ளினாள்.