பாப்பாவின் பின்னலும் என் பாத்ரூம் ஃபிலிமும்

வீட்டில் ஃபிலிம் கழுவுகிறவனுக்கு முதல் எதிரி வெளிச்சம்; அடுத்த எதிரி, அதே பாத்ரூமில் குளிக்க வேண்டிய குடும்பம். செல்போன் காலத்தில் இந்தப் பைத்தியம் பிடித்து அலையும் சகபாவிகளே, என் மானம் போன கதை உங்களுக்காவது புரியும்.

கிருத்திகையில் ஐஸ்

திருத்தணி வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் தானே சுடும். கலர் ஃபிலிமுக்கு அந்தச் சூடு ஏறக்குறையப் போதும். கறுப்பு வெள்ளைக்குத்தான் வம்பு, தண்ணீர் ஜில்லென்று இருக்க வேண்டும். எங்கள் தெருப்பக்கம் ஐஸ் கிடைப்பது மீன் கடையில்.

ஒரு கிருத்திகையன்று ஊரெல்லாம் அரோகரா சொல்லிக்கொண்டிருக்க, நான் பாதி மூடிய மீன் கடை ஷட்டருக்கு அடியில் குனிந்து பையை நீட்டினேன். திரும்பினால் எதிர்வீட்டு அம்மா, தலையில் பால்குடம். “ஐஸ்தாங்க” என்று பையைத் திறந்து காட்டினேன். மீன் வாடைதான் முதலில் வெளியே வந்தது. அந்தம்மா சொன்னார்: “முருகா! இன்னிக்கி ஒரு நாள் வாயக் கட்டிகினு இருக்கக் கூடாதா தம்பி?”

மூக்கு இருக்கே!

படத்தை வரவைக்கும் மருந்து டெவலப்பர். வந்த படத்தை நிலைக்க வைத்து மிச்சத்தைக் கரைப்பது ஹைப்போ. மாற்றி ஊற்றினால் படம் வருவதற்கு முன்பே எல்லாம் கரைந்து போகும். இரண்டையும் ஒரே மாதிரி பாட்டிலில் வைத்திருந்தேன். பெயர் எழுதி ஒட்டச் சொன்னாள் மனைவி. ஹைப்போவின் புளித்த நெடி போதும், மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன் என்று அளந்தேன். “ஆங், ஜலதோசம் புடிச்சா இன்னா பண்ணுவீங்க?” என்றாள்.

போனை உள்ளே வை

போன மாசம் அக்கா மகளுக்கு மலைமேல் மொட்டை. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. அக்கா பூ வைத்துப் பின்னிவிட்டு, “இந்தப் பின்னலோட ஒரே ஒரு போட்டோ போதும்டா, பெருசா மாட்டணும்” என்றாள். தாய்மாமன் ஆயிற்றே, விடுவேனா? யாரும் செல்போன் எடுக்கக் கூடாது, என் ஃபிலிம்தான் என்று அதட்டி, நீட்டிய போனையெல்லாம் கையால் மறைத்தேன். ரோல் முழுக்கப் பின்னலாக எடுத்துத் தள்ளினேன்.

அப்புறம் பாப்பா என் மடியில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டாள். அப்போது எல்லாரும் இஷ்டத்துக்குப் போனில் எடுத்தார்கள். பாப்பா தலையைத் தடவிப் பார்த்துச் சொன்னாள்: “மாமா, ஜில்லுனு கீது!”

ஜன்னல் வெளிச்சம்

அந்த ரோலைக் கழுவப் போனால், விருந்தாளிகள் வந்து போன பாத்ரூம் என்று மனைவி ஃபினாயிலை ஊற்றிக் கழுவியிருந்தாள். ஒரு பாட்டிலை மோந்தேன், ஃபினாயில் நெடிதான் அடித்தது. இன்னொன்றை மோந்தேன், அதுவும் ஃபினாயில். வெளியே கொண்டுபோய் மோந்தால் அவள் சிரிப்பாளே! குத்துமதிப்பாக ஒன்றை எடுத்து ஊற்றினேன். ஃபிலிம் கண்ணாடி மாதிரி வந்தது.

ஆசையாக வந்த அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தேடினாள். “பாப்பா எங்கடா?” என்றாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. நடந்ததைச் சொன்னேன். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட வந்திருந்த, ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டுகிற பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், மெதுவாகத் தன் போனை நீட்டினார்: “உனக்குத் தெரியாம அன்னிக்கி ஒண்ணே ஒண்ணு எடுத்தேன் மச்சான். பாரு, பாப்பா மூஞ்சி பூரா உன் கைதான் கீது.”

பாட்டிலுக்கெல்லாம் இப்போது பெயர் ஒட்டியாயிற்று. பாப்பாவுக்கு மறுபடி பின்னல் போடும் அளவுக்கு முடி வளரும்வரை ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஏறுகிற தைரியம்தான் எனக்கு இல்லை.