இருபத்தாறு வருஷத்துக்கு எவ்வளவு இடம்?

“ஹார்ட் டிரைவ் ஒரு டெராபைட் போதுமா மாமா, ரெண்டு வேணுமா?” என்று அக்கா மகள் போனில் கேட்டாள்.

“அதெல்லாம் தெரியாதும்மா. என்கிட்ட இருபத்தாறு வருஷம் இருக்கு. அதுக்கு எவ்வளவு இடம் வேணும்?”

லிஃப்ட் மெக்கானிக்கான மாமா கல்யாணமான புதிதில் ஒரு வீடியோ கேமரா வாங்கி, வீட்டில் நடந்ததையெல்லாம் எடுத்துத் தள்ளினார். அத்தனையும் இருந்த பழைய கம்ப்யூட்டர் இப்போது டக் டக்கென்று சத்தம் போட்டது. அது படுத்துவிடும் முன் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

இணையத்தில் மலிவாக ஒரு டிரைவைப் பார்த்து வைத்து, இணைப்பை அனுப்பியிருந்தார். அவள் படித்துப் பார்த்தாள்.

“மாமா, இது டிரைவ் இல்ல, அதைப் போட்டு வைக்கிற வெறும் கூடு. உள்ள ஒண்ணுமே இருக்காது.”

“என் தலை மாதிரின்னு சொல்லு! உங்க அத்தை இருந்திருந்தா இத வச்சே ஒரு மாசம் ஓட்டியிருப்பா.”

கடைசியில் ஒரு டெராபைட்டே போதுமென்று அந்த அளவு டிரைவையே வாங்க வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தபடியே நகலெடுத்தார்கள். எந்தப் படத்திலும் அத்தையின் முகம் இல்லை. கேமராவைக் கண்டாலே ஒதுங்கிவிடுவது அத்தையின் வழக்கம்; குரல் மட்டும் இருந்தது. “பிள்ளை விழப்போறா, பிடிக்காம படம் பிடிச்சிட்டு நிக்கிறீங்களே!” அந்தப் பிள்ளை அவள்தான். அன்று தன்னை ஓடிவந்து தூக்கிய வளையல் கை அவளுக்கு நினைவு வந்தது.

சாயங்காலம் டிரைவ் நிரம்பிவிட்டது.

“இடம் பத்தல மாமா. இன்னொரு டிரைவ் வர்றதுக்குள்ள இந்தக் கம்ப்யூட்டர் நின்னுட்டா என்ன பண்றது? கொஞ்சம் வெட்டித்தான் ஆகணும்.”

மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எதை வேணா வெட்டும்மா. அவ என்னைத் திட்டறத மட்டும் விட்டுடு.”