கிரேனின் தூண்டில்

ஆள் உயரக் குளிர்பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி, மேலே போனதும் மூச்சு வாங்காமல் "எங்க வைக்கணும்?" என்று கேட்கிற மனிதர், இருப்பதிலேயே லேசான தூண்டிலைத் தேடி அலைந்தால் அதற்கு என்ன பொருள்?

அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சிரிக்காமல் கேட்டவர் அவர் மனைவி ஒருவர்தான். யாருக்கும் பதில் கிடைக்கவில்லை.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. சொந்தப் பெயரைச் சொன்னால், கூட வேலை செய்பவர்களே "யாரு?" என்பார்கள். 'கிரேன்' என்றால்தான் தெரியும். பள்ளியில் படித்த நாளிலேயே வாத்தியார் பெஞ்சு நகர்த்த வேண்டுமானால் அவரைத்தான் எழுப்புவார். கணக்குக் கேட்க ஒருநாளும் எழுப்பியதில்லை. பெரியவரான பிறகும் அதே கதைதான். உறவுக்காரர் யாராவது "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்களேன்" என்று அன்போடு கூப்பிட்டால், அந்த வீட்டில் ஒரு பீரோ இடம் மாறக் காத்திருக்கிறது என்று அர்த்தம். அவரும் போவார், தூக்குவார், சாப்பிடுவார், வருவார்.

நாற்காலியைப் பார்த்ததும் அது உட்காருவதற்கு என்று தெரிந்துவிடுகிறது. சுத்தியலைப் பார்த்ததும் அடிப்பதற்கு என்று தெரிந்துவிடுகிறது. மனிதர்களையும் அப்படிப் பார்த்தவுடன் படித்துவிடலாம் என்று நினைப்பது சோம்பல்தான். ஆனால் அந்தச் சோம்பல் எல்லோரிடமும் இருக்கிறது, படிக்கப்படுகிறவரிடமும் கூட. நாற்பத்தைந்து வயதுவரை கிரேனும் தன்னை அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவியின் அண்ணன் ஒரு படகு வைத்திருந்தார். ஊருக்கு வெளியே உள்ள ஏரியில் வருடத்துக்கு ஒருமுறை மீன்பிடிப் போட்டி நடக்கும். எடை அதிகமான மீனுக்குப் பரிசு. கல்யாணம் ஆன வருடத்திலிருந்தே மச்சானின் படகில் இரண்டாவது ஆள் கிரேன்தான். காரிலிருந்து எஞ்சினைத் தூக்கிப் படகில் மாட்டுவது, நங்கூரத்தை இழுப்பது, துடைப்பக்கட்டை தடிமனுள்ள கோலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது, இவைதான் அவர் வேலை. மீன் மாட்டினால் இழுப்பார். மேசை டிராயரை இழுப்பதுபோல அது வந்துவிடும். மறுமுனையில் இருப்பது மீனா, மரக்கட்டையா என்று படகுக்குள் விழும்வரை அவர் கைக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் சம்பளமில்லாமல் பீரோ தூக்குகிறோம் என்று தோன்றும். வெளியே சொன்னதில்லை.

ஒருநாள் ஒரு வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். பரண்மேல் துணி உறைக்குள் மெலிந்த தூண்டில் கோல் ஒன்று இருந்தது. அதை இறக்கும்போது உறையிலிருந்து நழுவி அவர் கைக்கு வந்தது. உள்ளங்கையில் ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. நுனி மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து வந்த காற்று அதன்மேல் பட்டுப்போவதை அவர் விரல் உணர்ந்தது.

"ஐயோ, நீங்க தொடாதீங்க!" என்று வீட்டுக்கார அம்மாள் ஓடிவந்தார். "உடைஞ்சிடும். அந்த ஒல்லிப் பையன்கிட்ட குடுங்க."

ஒல்லிப் பையன் வாங்கிக்கொண்டான். கிரேன் கீழே போய்ச் சலவை இயந்திரத்தைத் தூக்கினார். அன்று சாயங்காலமே மீன்பிடிச் சாமான் கடை வாசலில் நின்றார்.

கடையை நடத்தியது கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்டிருந்த, அதிகம் பேசாத ஓர் அம்மாள். ஆளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேட்காமலே தடிமனான கோல்கள் இருந்த பக்கம் திரும்பினார்.

"அது இல்ல. இருக்கறதிலேயே லேசானது."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"என்ன மீனுக்கு?"

"ஓடையில, குளிர்ந்த தண்ணியில இருக்கற டிரவுட்டு. கரையோரமா கிடக்கற கையகல மீனு."

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை இன்னொரு முறை பார்த்தார். பிறகு இரண்டு கோல்களை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டும் ஐந்தரை அடி. ஓடைக்கு மேல் மரக்கிளை தாழ்ந்திருக்கும், நீளம் உதவாது என்றார். ஒன்று முழு உடம்பும் தளர்ந்து வளைகிற மாதிரி, மற்றது விறைப்பு, நுனி மட்டும் மெல்லியது. இரண்டிலும் சின்ன ரீலை மாட்டி, மாட்டிய இடத்துக்கு அடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கிக் காட்டினார். கோல் சாயாமல் படுத்திருந்தது.

"ரீல் மாட்டாம கையில புடிச்சுப் பாத்து ஏமாறாதீங்க. தராசுல லேசா இருக்கும், முன்னாடி பாரமா இழுக்கும். மத்தியானத்துக்குள்ள மணிக்கட்டு போயிடும்."

கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் எறிந்து பார்த்தார்கள். ரூபாய் நாணயத்தைவிட லேசான, இரைபோல மின்னும் தகடு ஒன்றை ரீலின் நரம்பில் கட்டிக் கொடுத்தார் அம்மாள். கிரேன் பழக்கதோஷத்தில் படகில் வீசுவதுபோல வீசினார். தகடு எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வையில் போய் மாட்டியது.

"பெட்டி எறியறீங்களா?" என்றார் அம்மாள்.

மறுபடி எறிந்தார். இந்த முறை தகடு அவர் காலடியிலேயே விழுந்தது. பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகுதான் தோளை விட்டுவிட்டு மணிக்கட்டால் மட்டும் எறிய வந்தது.

"உங்களுக்கு இந்தத் தளர்வானதுதான் சரி," என்றார் அம்மாள். "டிரவுட்டுக்கு உதடு மெல்லிசு. விறைப்பான கோல்ல உங்க கை ஒரு வெட்டு வெட்டினா உதடு மட்டும்தான் வரும், மீன் வராது. இது தானா வளைஞ்சு குடுக்கும். கை முரடா இருந்தாலும் கோல் பாத்துக்கும்."

அது சரியான ஆலோசனை. வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டு வாங்கியிருப்பார்கள். கிரேன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்.

"கோலே பதமா நடந்துக்கிட்டா, அப்புறம் நான் எதுக்கு?" என்றார்.

"மீன் வேணுமா, வீம்பு வேணுமா?"

"அந்த விறைப்பானதைக் கட்டுங்க."

அன்று இரவு மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. சாப்பாட்டு மேசைமேல் கோலைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்ன மாப்ள, காது குடையவா?"

"அண்ணா, சும்மா இரு," என்றார் மனைவி.

"இல்லம்மா, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். இதுல என்னத்தப் புடிப்பாரு? கொசுவா?" மச்சான் கோலை எடுத்தார். ஒரு கையால் அடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நுனியை இழுத்து வளைத்தார். "இங்க பாரு, எப்படி வளையு..."

தீக்குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். நுனியில் ஒரு சாண் அவர் கையோடு வந்துவிட்டது. தண்ணீரில் மீன் இழுத்தால் வளைவு கோல் முழுவதும் பரவும். நுனியைக் கையால் பிடித்து மடக்கினால் பாரமெல்லாம் அந்த ஒரு சாணில்தான் இறங்கும். இத்தனை வருடம் ஏரியே கதியென்று கிடந்த மச்சானுக்கு இது தெரியாது. அவருடைய தடிக்கோல்கள் எதையும் பொறுத்துக்கொள்ளும்.

மச்சான் உடனே சமாளித்துக்கொண்டார். "பாத்தியா? நான் தொட்டதுக்கே இப்படி. நீ தொட்டா பொடியாயிடும். நல்லவேளை, வீட்டிலேயே ஒடிஞ்சுது. சரி விடு, போட்டிக்கு ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன்."

"என்னைக் கேக்கலையே மச்சான்."

"உன்னை என்னத்த கேக்கறது? வருஷா வருஷம் வர்றதுதானே?"

"இந்த வருஷம் படகுக்கு நான் வரல."

மச்சான் தங்கையைப் பார்த்தார். "என்னம்மா இது? எஞ்சினை யாரு தூக்குவா?"

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று பழகியவர் மனைவி. யாருக்கும் சட்டென்று பதில் சொல்லிவிட மாட்டார். ஒடிந்த நுனியை அண்ணன் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். "நீதான் இப்ப பலசாலின்னு காட்டிட்டியே அண்ணா. நீயே தூக்கு," என்றார்.

மறுநாள் கடைக்காரம்மாள் இரண்டு துண்டையும் பார்த்துவிட்டு, தளர்வான கோலை எடுக்கப் போனார்.

"அதேதான்," என்றார் கிரேன்.

"திரும்பவுமா?"

"நான் ஒடிக்கல."

"யாரு ஒடிச்சாங்கன்னு நான் கேக்கலையே."

"நீங்க கேக்கலைன்னாலும் சொல்லணும்னு தோணுச்சு."

வேலை முடிந்ததும் ஓடைக்குப் போனார். ஏரிக்குள் விழுகிற சின்ன ஓடை அது. பாறைகளுக்கு நடுவே தெளிந்த, குளிர்ந்த நீர். கடைக்காரம்மாள் சொன்னது அப்படியே நடந்தது. நரம்பில் ஒரு தட்டல் வரும். இருபது வருடம் பாரம் தூக்கிய கை தானாகவே மேலே வெட்டும். தகட்டின் தூண்டில் முள் வெறுமையாகக் காற்றில் வந்து தொங்கும். சிலசமயம் நரம்பு அறுந்துபோகும். ஒருமுறை முள்ளில் நகக்கீற்று அளவு தோல் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த அன்று கோலைக் கீழே வைத்துவிட்டு, இருட்டும்வரை கரையில் உட்கார்ந்திருந்தார். தளர்ந்த கோலாக இருந்திருந்தால் அந்த மீனுக்குக் காயம்பட்டிருக்காது என்பது அவருக்குத் தெரியும். வீம்பின் விலையை வேறோர் உயிர் கொடுக்கிறது என்பது எந்த வீம்புக்காரரையும் உறுத்த வேண்டிய விஷயம்தான். அவரை உறுத்தியது. மீனின் வாயைக் கிழிக்காமல் கழன்று வரட்டும் என்று, முள்ளின் கொக்கியில் இருந்த எதிர்முனையைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கினார். கோலை மாற்றவில்லை.

வேலையிடத்திலும் விஷயம் பரவியது. "என்ன கிரேன், ஊசில நூல் கோக்கப் பழகறியாமே?" என்றார் லாரி டிரைவர்.

"ஆமா. உன் வாயைத் தைக்கத்தான்."

போட்டியன்று காலை அவர் வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓடையிலிருந்து அவர் ஒருநாளும் மீன் கொண்டுவந்ததில்லை. "வாளி எதுக்குங்க?" என்று மனைவி கேட்டார். "சும்மா," என்றார்.

பாறைக்குப் பின்னால் நீர் சுழன்று அமைதியாகிற இடம் ஒன்றிருந்தது. தகட்டை நீர் வரும் பக்கமாக அதற்கு மேலே எறிந்து, ஓட்டத்தோடு வரவிட்டார். தட்டல் வந்தது. தோள் எழும்பப் பார்த்தது. எழும்பவிடவில்லை. பிடித்திருந்த விரல்களில் இரண்டைத் தளர்த்தினார். அவ்வளவுதான். கோலின் நுனி குனிந்தது, பிறகு உடம்பு மெல்ல வளைந்தது, ரீல் முனகிக்கொண்டு நரம்பை விட்டது. மீன் ஓடியது, நின்றது, தலையை உதறியது, பாறைக்கு அடியில் புகப் பார்த்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாக அவர் கைக்கு வந்தது. அவர் இழுக்கவில்லை. அது களைக்கும்போது மட்டும் கைப்பிடியைச் சுற்றினார். கடைசியில் கையை நீரில் நனைத்துக்கொண்டு அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. விலாவில் சிவப்புப் புள்ளிகள். உதடு கிழியவில்லை.

அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். தேடிப் போனது கிடைத்துவிட்டது. பார்த்தவர் யாருமில்லை, பார்க்க வேண்டியவரும் அவர் ஒருவர்தான். ஆனால் வாளியில் ஓடைத் தண்ணீரை மொண்டு மீனை அதில் விட்டார். கரையோரமாக இறங்கி ஏரிக்கு நடந்தார்.

படகுத்துறையில் பெரிய தராசைத் தொங்கவிட்டு, மைக் வைத்து எடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இருந்தது. மச்சான் வெறுங்கையோடு ஓரமாக நின்றார். இரண்டு பேரைப் பிடித்து எஞ்சினை ஏற்றுவதற்குள் வெயில் ஏறி, நல்ல இடமெல்லாம் போயிருந்தது. கிரேனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வாளிக்குள் எட்டிப் பார்த்ததும் வாடியது.

"மாப்ள, விளையாடாத. இதைக் கொண்டுபோய் மேடையில வெக்காத. மானம் கப்பலேறிடும்."

"என் பேரும் குடுத்திருக்கீங்கதானே?"

"அதுக்காக? உன்னைப் பாத்தா சிரிக்க மாட்டாங்களா? நீ இருக்கற இருப்பு என்ன, அது இருக்கற இருப்பு என்ன?"

கிரேன் வரிசையில் நின்றார். முறை வந்ததும் தராசுத் தட்டில் வாளித் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, தராசுக்காரரிடம் தராசு முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருத்தச் சொன்னார். திருத்திய பிறகு மீனை அதில் விட்டார். முள் அசையவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தராசுக்காரர் தட்டை லேசாகத் தட்டிப் பார்த்தார். முள் அப்படியே நின்றது. "இது பெரிய மீனுக்கான தராசுங்க. இதுல ஒண்ணும் காட்டாது. பூஜ்யம்னு போட்டுடவா?"

"பூஜ்யம் இல்ல. அது அங்க இருக்குதே."

"எடை இல்லையே. என்னன்னு போடறது?"

"மீன்னு போடுங்க."

தராசுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்ற உருவம் நகர்கிற மாதிரித் தெரியவில்லை. அவரை நகர்த்தவும் அங்கே ஆளில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. சிரிப்பு ஒவ்வொரு இடமாக ஓய்ந்தது. தராசுக்காரர் பேனாவை எடுத்து எழுதினார். மைக்கில் இருந்தவர் எழுதியதை எட்டிப் பார்த்து, "மீன்... ஒண்ணு," என்றார்.

கிரேன் இரண்டு கைகளையும் நனைத்து, மீனை எடுத்து வாளியில் விட்டார். ஏரி நாலடி தூரத்தில், படிக்குக் கீழேயே இருந்தது. கவிழ்த்திருந்தால் முடிந்திருக்கும். "இங்கயே விட்டுடுங்களேன்," என்று யாரோ சொன்னார்கள். அவர் வாளியை ஒரு கையிலும் கோலை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, தண்ணீர் தளும்பாமல், வந்த வழியே, அதைப் பிடித்த பாறையை நோக்கி, ஓடையோரமாக மேலேறிப் போனார்.

அந்த மீனை ஏன் தராசுக்குக் கொண்டுவந்தார், ஏன் அத்தனை தூரம் திரும்ப எடுத்துப் போனார் என்று மச்சான் கேட்டார், லாரி டிரைவர் கேட்டார், கடைக்காரம்மாள்கூட ஒருமுறை கேட்டார். மனைவி மட்டும் கேட்கவில்லை. கிரேன் யாருக்கும் சொல்லவில்லை.