ஆலா முட்டையிட்ட மணல்திட்டு

பிரபாவதி கடலை முதன்முதலாகப் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். பிறந்த ஊர் சேலம். கணவர் ஹரிகிருஷ்ணனுக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை. விலங்கியலில் பட்டம் வாங்கிய கையோடு குவார்ட்டர்ஸ் சமையலறையில் அடைபட அவளுக்குப் பிடிக்கவில்லை. பழைய பைனாகுலர் ஒன்றை வாங்கிக்கொண்டு கரையோரம் நடக்க ஆரம்பித்தாள். தொண்ணூறுகளின் நடுவில் டவுன்ஷிப் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஞாயிறு காலைகளில் கிளம்பினாள். மாமல்லபுரத்துப் பாறை இடுக்குகளில் தேங்கிய தண்ணீரில் பூப்போல விரியும் கடல் சாமந்தி என்ற உயிரைக் காட்டுவாள். பாலாறு கடலில் சேரும் இடத்தில் உள்ளான் பறவைகளைக் காட்டுவாள். இத்தனை காலம் இங்கே குடியிருந்தும் இதையெல்லாம் பார்த்ததில்லையே என்று வந்தவர்கள் சொல்லும்போது அவளுக்குள் ஒரு நிறைவு. இந்தக் கரையே தன் பெயரில் பதிவானது போல.

அப்போதுதான் ரெபேக்காள் வந்தாள். புதுப்பட்டினத்துப் பள்ளியில் டீச்சர். அவளுடைய அப்பா காலம் வரைக்கும் குடும்பமே பிறர் வயலில் கூலிக்குப் போனது. முதலில் படித்து வேலைக்கு வந்தவள் அவள்தான். கரைக்கு வந்த முதல் நாளே, "யக்கா, இது இன்னா? அது இன்னா?" என்று பிரபாவதியைக் கேட்டுக் கேட்டுக் குடைந்தாள். பிரபாவதிக்கும் அது பிடித்திருந்தது. தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

ஆனால் ரெபேக்காளுக்கு வேறொன்று இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து வருவதல்ல அது. அலை பின்வாங்கும்போது துரத்திக்கொண்டு ஓடி, அலை வரும்போது திரும்பி ஓடிவரும் உள்ளான் கூட்டத்தைக் காட்டி, "பாருங்க, ஸ்டாப்பிங்ல நிக்காத டவுன் பஸ்ஸ தொரத்திகினு ஓடறவங்க மாதிரியே கீது" என்பாள். மொத்தக் கூட்டமும் சிரிக்கும். பறவைகளின் பெயரை அவள் அடிக்கடி மாற்றிச் சொல்வாள். பிரபாவதி திருத்துவாள். "ஆமா, அதான்" என்று ரெபேக்காள் அடுத்ததுக்குப் போய்விடுவாள். கூட்டமும் அவள் பின்னாலேயே போய்விடும்.

ஒரு ஞாயிறு ரெபேக்காளுக்குக் காய்ச்சல். பிரபாவதி தனியாகக் கூட்டிப்போனாள். வழியில் வைத்து அந்த டவுன் பஸ் வசனத்தைத் தானே சொல்லிப் பார்த்தாள். முந்தின நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"இது ரெபேக்கா டீச்சர் சொல்றதாச்சே. அவங்க வரலையா இன்னிக்கி?" என்றார் அக்கவுண்ட்ஸ் தாமோதரன்.

வீட்டுக்கு வந்து பிரபாவதி தட்டைத் தொப்பென்று வைத்தாள். ஹரிகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பிரபா, கூட்டம் கம்மியா?"

"கூட்டத்துக்கு என்ன குறைச்சல்? எல்லாம் அவளத்தான் தேடுது."

அடுத்த ஏப்ரலில் பாலாற்று முகத்துவாரத்து மணல்திட்டில் தன்னந்தனியாக நடந்தபோது பிரபாவதி ஒன்றைக் கண்டாள். கருப்புத் தலையும் மஞ்சள் அலகுமாகக் கைக்குள் அடங்கும் சின்ன வெள்ளைப் பறவைகள். ஆலாக்கள். கூடு என்று எதுவுமில்லை. வெறும் மணலைக் குழித்து முட்டையிட்டிருந்தன. முட்டையும் மணல் நிறம், காலடியில் கிடந்தாலும் தெரியாது. மூச்சை அடக்கிக்கொண்டு வந்த வழியே பின்வாங்கினாள். ஹரிகிருஷ்ணனிடம்கூடச் சொல்லவில்லை. வெயிலேறும் நேரத்தில் தாய்ப்பறவை எழுந்துவிட்டால் முட்டை வெந்துபோகும், இல்லையென்றால் காக்கை கொண்டுபோகும் என்று அவளுக்குத் தெரியும். இது ஒன்றாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்றும் நினைத்தாள்.

மே மாதம் ரெபேக்காளை வானொலியில் பேசக் கூப்பிட்டார்கள். குக்கர் விசிலுக்கு நடுவே பிரபாவதி ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டாள். நண்டு, ஆமை, அலை என்று ரெபேக்காள் அமர்க்களமாகப் பேசினாள். "எனக்கு இதெல்லாம் காட்னது கல்பாக்கத்துல கீற ஒரு அக்கா" என்றாள். ஒரு அக்கா! பெயர் இல்லை. பிரபாவதி ரேடியோவை அணைத்தாள். பருப்பு அடிபிடித்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பின் ஞாபகம் வந்தது.

மறுநாள் டவுன்ஷிப் அறிவிப்புப் பலகையில் அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'இதுவரை யாரும் காணாத காட்சி. ஞாயிறு காலை. பிரபாவதி காட்டுகிறார்.'

ரெபேக்காளுக்குச் சொல்லவில்லை.

பிரபாவதி எதிர்பார்த்ததைவிடப் பெரிய கூட்டம். குடை, டிபன் பாக்ஸ், கேமரா. மணல்திட்டை நெருங்கியதுமே ஆலாக்கள் எழுந்து தலைக்கு மேல் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றின. பிரபாவதி முட்டைகளைக் காட்டினாள். ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். அவள் சொல்ல ஆரம்பித்ததும் ஒரு சத்தமில்லை, எல்லாக் கண்களும் அவள் மீது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு காலை அவளுக்கு வாய்த்ததில்லை. வெயில் உச்சந்தலையில் உறைத்தது. போதும், கிளம்பலாம் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. இன்னும் ஒன்று சொல்லிவிடலாம் என்று இன்னொரு குரல் சொன்னது. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். படமெடுக்கப் பின்னால் நகர்ந்த ஒருவரின் செருப்புக்கடியில் ஏதோ நொறுங்கியது. சவுக்குத் தோப்பிலிருந்து காக்கைகள் வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தன.

"பிரமாதம் மேடம்! ரெபேக்கா டீச்சரே இத பாத்திருக்க மாட்டாங்க" என்றார் தாமோதரன்.

அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனையும். அது வந்தபோது அவள் கண்கள் காக்கைகளின் மேல் இருந்தன.

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தாள். குழிகள் காலி. முட்டை ஓட்டுத் துணுக்குகள் மணலில் கிடந்தன. ஒரேயொரு ஆலா தண்ணீருக்கு மேலே போவதும் வருவதுமாக இருந்தது.

விஷயம் காதில் விழுந்து ரெபேக்காள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கோபமில்லை, ஆசைதான். "யக்கா, எனக்கும் காட்டேன். இன்னா, என்ன வுட்டுட்டுப் போயிட்ட?"

பொய் சொல்லியிருக்கலாம். பிரபாவதிக்கு நாக்கு புரளவில்லை.

"காட்ட ஒண்ணுமில்ல ரெபேக்கா. நான் கூட்டத்தக் கொண்டுபோயி எல்லாம் போச்சு. வெயில் ஏறுறது தெரிஞ்சும் நின்னுட்டே இருந்தேன்."

"தெரிஞ்சுமா? ஏன்க்கா?"

"உம்மேல வயித்தெரிச்சல்."

"எம்மேல காண்டுன்னா என்ன ரெண்டு சாத்து சாத்தியிருக்கலாமே. அதுங்க இன்னா பண்ணிச்சி ஒன்ன?" ரெபேக்காள் காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள்.

மழைக்காலம் முடிந்து பனிக்காலமும் போனது. ஞாயிறு நடைக்கு ரெபேக்காள் வரவேயில்லை. பிரபாவதியும் அறிவிப்பு ஒட்டுவதை நிறுத்தினாள்.

மார்ச் கடைசியில் ஒருநாள் வாசலில் ரெபேக்காளின் குரல் கேட்டது. பின்னால் ஒரு மீன்பாடி வண்டியில் சவுக்குக் கழிகளும் குப்பத்துக்காரர்கள் கொடுத்த கிழிந்த வலைகளும். உள்ளே வராமல் நின்றபடியே சொன்னாள்:

"எங்க முட்ட வெச்சிதுன்னு ஒனக்குத்தான் தெரியும். வந்து காட்டு. வேலி போடணும்."

பிரபாவதி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மணல்திட்டில் கழி நடும்போது, "இன்னும் கொஞ்சம் தள்ளி, ரெபேக்கா" என்றாள். ரெபேக்காள் தள்ளி நட்டாள்.

அந்தக் கோடையில் ஆலாக்கள் வந்தன. முன்பு இருந்த அளவு இல்லை, ஆனாலும் வந்தன. ஜனங்கள் வேலிக்கு வெளியே, தூரத்தில் நின்று, வெயிலுக்கு முன்பே பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. படத்தில் நடுநாயகமாக ரெபேக்காள். பிரபாவதியின் தோள் மட்டும் ஓரத்தில். ஹரிகிருஷ்ணன் பேப்பரை மடித்து வைத்தார். அவள் திரும்ப எடுத்து விரித்துப் பார்த்தாள். அதே வயிற்றெரிச்சல், குறையாமல்.

கணவர் ஓய்வு பெறும்வரை வருடாவருடம் வேலி போடப் போனாள். ரெபேக்காள் பேசும்போது கூட்டத்தில் நிற்க மட்டும் அவளால் முடியவில்லை. ஒரு நீளக் கழியை எடுத்துக்கொண்டு வேலியின் மறுகோடிக்குப் போய், காக்கையையும் நாயையும் விரட்டிக்கொண்டு நிற்பாள். கூட்டம் சிரிக்கும் சத்தம் காற்றில் வரும். என்ன சொல்லியிருப்பாள் என்று ஒவ்வொரு முறையும் காதைத் தீட்டிக்கொள்வாள்.